காதற்ற ஊசியும் கைவினைச் சொற்களும்



இந்தச் சொற்பொழிவு வரிசையில் எங்களுக்கு முன் பேசியவர்கள் இலக்கியமும் இலக்கணமும் முறையாகக் கற்றவர்கள். எங்கள் நிலை வேறு. நாங்கள் ஒரு தையல் குழுவினர். சனிக்கிழமைதோறும் பிற்பகல் 3 மணிக்கு எங்கள் குடியிருப்புப் பேட்டையின் சமூக மன்றத்தில் ஓர் அறையில் கூடுகிறோம். 5.30 மணிக்கு அந்த அறையைக் கராத்தே வகுப்பாருக்கு விட்டுக்கொடுத்துவிட வேண்டும். ஓய்வுபெற்ற தாதியர் இருவர், தொடக்கப்பள்ளித் தமிழாசிரியை ஒருவர், பல்கலைக்கழக மாணவியர் மூவர், இல்லத்தரசியர் சிலர், பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், பக்கத்து வீட்டு மலாய்த் தோழியர் இருவர், ஒரு பாட்டி. இதுவே எங்கள் அவை.

தையல் என்னும் சொல்லுக்குப் பெண் என்றும் ஒரு பொருள் உண்டு. அந்தத் தையலின் சொல்லுக்குச் செவிகொடுக்க வேண்டா என்று ஆத்திசூடியில் ஓர் அறிவுரை உண்டென்பதை மாணவர்கள் அறிவீர்கள். எங்கள் குழுவில் ஆடவர் ஒருவரும் இருக்கிறார் என்பதால், இன்று ஒரு நாள் அந்த விதியைத் தளர்த்திக்கொள்வீர்கள் என்று நம்புகிறோம்.

நாங்கள் பேச வந்தது சொற்களைப் பற்றியே. ஒரு கைத்தொழிலுக்குரிய தமிழ்ச் சொற்கள் எங்கே பிறக்கின்றன, எப்படி நம் கையைவிட்டு நழுவுகின்றன என்பதை ஒரு சிறிய அறையில் சில ஆண்டுகள் உட்கார்ந்து பார்த்திருக்கிறோம். அவ்வாறு பார்த்ததைச் சொல்கிறோம். எங்கள் பிழைகளையும் சேர்த்தே சொல்லவேண்டியிருக்கிறது.

தொடக்கத்தில் நாங்கள் துணியையே தைத்தோம். பழைய புடவைகளைத் துண்டாக்கி ஒட்டுப்போர்வை தைப்பது, தலையணை உறைகளில் பூத்தையல் இடுவது, கிழிந்த பள்ளிச்சீருடைகளைச் செப்பனிடுவது ஆகியவை எங்கள் வேலைகள். அப்போது சொற்களுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. எல்லாச் சொற்களும் பாட்டியிடம் இருந்தன. அவர் ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்து, மணமாகிச் சிங்கப்பூருக்கு வந்து, ஆடைத் தொழிற்சாலையில் பல ஆண்டுகள் சட்டைக் கழுத்துப்பட்டி தைத்தவர். 1970களில் இந்நாட்டில் ஆடைத் தொழிற்சாலைகள் நிறைய இருந்தன. பெண்கள் பலருக்கு முதல் சம்பளம் அங்கிருந்துதான் கிடைத்தது. தொழிற்சாலையில் அவருடைய தொழில்மொழி ஆங்கிலமும் மலாயும் கலந்தது. ஆனால் ஊசியைக் கையில் பிடித்துவிட்டால் தம் தாயின் மொழியே அவர் வாயில் வந்தது. நேராக ஓடுவது ஓட்டுத்தையல். பின்னே திரும்பிவந்து இறுக்குவது கெட்டித்தையல். கண்ணி கண்ணியாகக் கோத்துச் செல்வது சங்கிலித்தையல். குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்து செல்வது மீன்முள் தையல். துணியின் ஓரத்தில் உதிர்வது பிசிறு. அதை உள்ளே அடக்குவது மடிப்பு. இவற்றையெல்லாம் அவர் கற்பித்ததாக எங்களுக்கு நினைவில்லை. “கெட்டித்தையலாப் போடு, இல்லாட்டி ஒரு துவைப்புக்குத் தாங்காது” என்பார். அவ்வளவுதான். சொல்லும் அதன் பயனும் ஒரே மூச்சில் வந்துவிடும்.

பிறகுதான் கம்பளி வந்தது.

மாணவியருள் ஒருவர் விடுமுறைக்கு நியூசிலாந்து சென்று திரும்பியபோது ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்தார். உள்ளே சாயமிட்ட ஆட்டுமயிர்க் கற்றைகளும், ஒரு நுரைமெத்தைத் துண்டும், மூன்று ஊசிகளும் இருந்தன. ‘நீடில் ஃபெல்ட்டிங்’ என்றார். வெப்பமும் வியர்வையும் மிகுந்த இந்த ஊரில் கம்பளியா என்று எங்களுள் சிலர் நகைத்தோம். பாட்டி ஊசியைக் கையில் வாங்கி, கண்ணருகே கொண்டுபோய், விளக்கின் பக்கம் திருப்பி, நூல் கோக்கும் துளையைத் தேடினார். துளை இல்லை. தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். மறுமுனை வெறுமனே வளைந்திருந்தது. “இதுக்குக் காதே இல்லையே! காதற்ற ஊசியல்லவா இது!” என்றார்.

பட்டினத்தார் கதை தெரிந்தவர்கள் அனைவரும் சிரித்துவிட்டோம். காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகர், வளர்ப்புமகன் விட்டுச்சென்ற பேழையைத் திறக்கிறார். உள்ளே ஓர் ஓலையும் காது முறிந்த ஓர் ஊசியும். அந்த ஊசிகூட இறுதிப் பயணத்தில் உடன்வாராது என்பதை உணர்ந்து எல்லாவற்றையும் துறக்கிறார். தமிழருக்குக் காதற்ற ஊசி என்றால் பயனற்றதன் எல்லை. அது இங்கே ஒரு முழுநேரத் தொழிலுக்குரிய கருவியாக வந்து நிற்கிறது. “அவர் கொஞ்சம் பொறுத்திருந்தா ஆட்டுக்குட்டி பொம்மையாவது செஞ்சிருப்பார்” என்றார் பாட்டி. அன்று முதல் அந்த ஊசிக்கு எங்கள் அறையில் வேறு பெயர் இல்லை.

இந்தக் கலையைக் காணாதவர்களுக்காகச் சற்று விளக்க வேண்டும். ஆட்டுமயிரின் ஒவ்வோர் இழையின் மேலும், கண்ணுக்குத் தெரியாத அளவில், மீனுக்கு இருப்பதுபோன்ற செதிள்கள் உள்ளன. அவை எல்லாம் இழையின் நுனியை நோக்கியே படிந்திருக்கும். வெந்நீரும் சவர்க்காரமும் இட்டுத் தேய்த்தால் இழைகள் ஒன்றினுள் ஒன்று நகரும். செதிள்கள் மாட்டிக்கொள்வதால் திரும்பி வர இயலாது. கம்பளிச் சட்டையைத் தவறிச் சுடுநீரில் துவைத்தவர்கள் இதன் விளைவை அறிவார்கள். நூலும் இல்லாமல் தறியும் இல்லாமல் இவ்வாறு உருவாகும் அடர்ந்த துணியே ஃபெல்ட். காதற்ற ஊசி அதே வேலையை நீரின்றிச் செய்கிறது. அது பொதுவாக முப்பட்டையாக இருக்கும். பட்டைகளின் விளிம்பில், கீழ்நோக்கிய சிறு முட்கள் வெட்டப்பட்டிருக்கும். குத்தும்போது முள் சில இழைகளைப் பற்றி உள்ளே இழுத்துச் செல்லும். ஊசியை உருவும்போது அவற்றை உள்ளேயே விட்டுவிட்டு வந்துவிடும். கைப்பிடி நிறைய இருந்த உதிரி மயிர், ஆயிரக்கணக்கான குத்துகளுக்குப் பிறகு, விரலால் அழுத்தினாலும் அமுங்காத சிறு உருண்டையாகும். ஊசிகளுக்கு எண் உண்டு. 36 பருமன், உருவத்தைத் திரட்டுவதற்கு. 38 இடைநிலை. 40 மெல்லியது, கண், மூக்கு, இறகு போன்ற நுட்பங்களுக்கு. எண் கூடக்கூட ஊசி மெலியும் என்பது தொடக்கத்தில் எல்லாரையும் குழப்பும். சென்ற வழியிலேயே ஊசி திரும்பவேண்டும். உள்ளே இருக்கும்போது சாய்த்தால் முறிந்துவிடும். நாங்கள் முறித்த ஊசிகளுக்குக் கணக்கில்லை.

ஃபெல்ட் மிகப் பழையது. சைபீரியாவின் அல்தாய் மலைப்பகுதியில் பசிரிக் என்னும் இடத்துப் புதைமேடுகளில், பனிக்கட்டியில் உறைந்து கெடாதிருந்த ஃபெல்ட் பொருள்களை 1940களில் அகழ்ந்தெடுத்தார்கள். அவை 2,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. அவற்றுள் உள்ளே அடைத்துத் தைத்த அன்னப்பறவை உருவங்களும் உண்டு. இன்று சென் பீட்டர்ஸ்பர்க் நகரின் ஹெர்மிட்டாஜ் அருங்காட்சியகத்தில் உள்ளன. படத்தில் அவற்றைக் கண்டபோது, சென்ற வாரம் நாங்கள் செய்த வாத்துகளுக்கு அவை உடன்பிறந்தவைபோல் தோன்றின. கழுத்து மட்டும் எங்களுடையதைவிட நேர்த்தி. நம் இந்தியத் துணைக்கண்டத்திலேயே காசுமீரத்து நம்தா விரிப்புகள் ஃபெல்ட்டினால் ஆனவை. ஆனால் ஊசியால் குத்திச் செய்வது பழங்கலை அன்று. முள்ளுள்ள ஊசிகள் தொழிற்சாலை இயந்திரங்களுக்காக உருவானவை. 1980களில் அமெரிக்காவில் டேவிட் ஸ்டான்வுட், எலினார் ஸ்டான்வுட் இணையர் அவற்றைக் கையிலெடுத்து வேலை செய்யத் தொடங்கினார்கள். ஆலையிலிருந்து கைக்கு வந்த கருவி இது. பெரும்பாலும் எதிர்த்திசையில்தான் நடக்கும்.

இனி எங்கள் பிழையைச் சொல்கிறோம். பொருள் வந்தது, பெயர் இல்லை. எங்களுள் தமிழார்வம் மிக்கவர்கள் சிலர் அமர்ந்து, அகராதிகளைப் புரட்டி, ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றுக்கும் நிகரான சொல் ஆக்கினோம். ‘ஊசிவழிக் கம்பளிச் செறிவூட்டல்’ என்பது தலைப்பு. முள்ளுக்கு ‘எதிர்க்கொளுவி’. உள்ளே வைக்கும் வெள்ளைக் கம்பளிக்கு ‘அகநிரப்பி’. 32 சொற்களை அச்சிட்டு, மடக்கி, பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்காக நடத்திய பயிலரங்கில் கொடுத்தோம். பிள்ளைகள் பண்பானவர்கள், தாளை வாங்கிக்கொண்டார்கள். இரண்டு மணி நேரம் வாய் ஓயாமல் பேசினார்கள். அந்த 32 சொற்களுள் ஒன்றுகூட எவர் வாயிலும் வரவில்லை. எங்கள் வாயிலும் வரவில்லை என்பதே உண்மை. அறையைப் பெருக்கியபோது தாள்களின்மேல் கம்பளித் துகள் ஒட்டியிருந்தது.

சொற்களில் இலக்கணப் பிழை இல்லை. கலைச்சொல்லாக்கத்தைக் குறைகூறவும் நாங்கள் வரவில்லை; மருத்துவத்துக்கும் சட்டத்துக்கும் அது இன்றியமையாதது. ஆயினும் கையில் வேலை நடந்துகொண்டிருக்கும்போது எட்டு அசையுள்ள பெயரைச் சொல்ல எவருக்கும் மூச்சு இருப்பதில்லை. “அந்த எதிர்க்கொளுவி தேய்ந்த ஊசியை எடு” என்று சொல்லி முடிப்பதற்குள் பத்துக் குத்து குத்திவிடலாம். அதைவிட முக்கியமான குறை வேறொன்று. நாங்கள் கம்பளியைப் பார்த்துப் பெயர் வைக்கவில்லை. ஆங்கிலச் சொல்லைப் பார்த்து வைத்தோம்.

பெயர்கள் பின்னர் வந்தன. தேடாதபோது வந்தன. உள்ளே வெள்ளைக் கம்பளியை வைத்து மேலே நிறக் கம்பளியைச் சுற்றிக்கொண்டிருந்த இல்லத்தரசி ஒருவர், “பூரணம் வெளியே தெரியுது, இன்னும் கொஞ்சம் மாவு எடு” என்றார். கொழுக்கட்டை பிடித்த கைகள் அனைத்தும் அதை உடனே ஏற்றுக்கொண்டன. அன்றிலிருந்து உள்ளே இருப்பது பூரணம். ஊசியின் கொக்கிக்கு முள் என்னும் பெயரைத் தந்தவர் பேருந்து ஓட்டுநராக இருந்த பெரியவர். பிடோக் கடலோரத்தில் தூண்டில் போடுபவர். “தூண்டில் முள்ளும் இப்படித்தான், போகும், வராது” என்றார். ஒரு நிறத்தின்மேல் இன்னொன்றை மெல்லிதாகப் படியவிடுவதைப் ‘பூசுதல்’ என்றோம். பின்னர் ஒரு சிறுமி அதைத் ‘திருநீறு பூசுவதுபோல’ என்றாள், அளவு துல்லியமாகப் புரிந்துவிட்டது.

தொழிலுக்கே ஒரு பெயர் வேண்டுமே? அது ஒரு தலைமுடியிலிருந்து வந்தது. எண்ணெய் காணாத முடி சில நாளில் சிக்குப் பிடிக்கும். அப்படியே விட்டால் சடையாகும். சடை என்பது என்ன? மயிரிழைகள் ஒன்றோடொன்று பின்னிப் பிரிக்கவியலாமல் இறுகுவது. ஃபெல்ட்டும் அதுவே. “நாற்பது வருஷமா பேத்திவரைக்கும் சிக்கு எடுத்தேன், இப்ப உட்கார்ந்து சிக்கு வைக்கிறேன்” என்று பாட்டி சொன்னபோது பெயர் கிடைத்துவிட்டது. சடைத்தல்; சடைத்த கம்பளி; சுருக்கமாகச் சடைக்கம்பளி. எங்கள் தமிழாசிரியை சில வாரம் இதை ஏற்கவில்லை. நெய்யாத்துணி என்று ஏற்கெனவே ஒரு சொல் வழக்கில் உள்ளதே என்றார். உண்மைதான். ஆனால் முகக்கவசம் செய்யும் துணியும் நெய்யாத்துணிதான். அதில் ஆடு இல்லை. இன்னொரு வழக்கு இன்றுவரை தீரவில்லை. உதிரிக் கம்பளியைப் பலர் ‘பஞ்சு’ என்கிறோம்; பஞ்சு பருத்தியில் விளைவது, ஆட்டின்மேல் விளைவதில்லை என்று ஆசிரியை ஒவ்வொரு வாரமும் திருத்துகிறார். அவர் சொல்வது சரி. நாங்கள் பஞ்சு என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பண்டைத் தமிழருக்கு ஆட்டுமயிரும் துணியும் அயலானவை அல்ல. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையில் புகார் நகரத்துத் தொழிலாளர் இருப்பிடங்கள் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. அங்கே காருகர் என்னும் நெசவாளர் பட்டு, பருத்தி இரண்டோடு மயிரையும் கொண்டு நுண்வேலை செய்தனர். அதே வரிசையில் துன்னகாரரும் வருகின்றனர், அவர்கள் தையற்காரர்கள். பொருநராற்றுப்படையில் ஒரு வறிய பொருநன் கரிகாலனைக் காணச் செல்கிறான். ஈரும் பேனும் குடியிருக்க, வியர்வையில் நனைந்து, தன் சொந்த இழை குறைந்து வேற்று இழை நிறையத் தைக்கப்பட்ட கந்தல் அவன் உடை. அந்தத் தையலுக்குத் துன்னல் என்று பெயர். மன்னன் அதைக் களைந்துவிட்டுப் பாம்பின் சட்டைபோல் மெல்லிய பூவேலை ஆடையைத் தருகிறான். உரையாசிரியர்கள் மன்னனின் கொடையை வியப்பார்கள். நாங்கள் ஊசிக்காரர்கள், எங்கள் கண் அந்தக் கந்தலின்மேல் நிற்கிறது. அதை அத்தனை முறை தைத்தது யார்? பொருநனின் மனைவியாக இருக்கலாம். அவள் கையின் வேலையைக் களைந்துதான் புத்தாடை வருகிறது.

நூல் என்ற சொல்லுக்கே வருவோம். இழையும் நூல், ஏடும் நூல். பனுவல் என்ற சொல்லும் அவ்வாறே. சங்கப் பாட்டில் அது பருத்திப் பெண்டிர் நூற்கும் பஞ்சைச் சார்ந்தது, பின்னர் புலவர் இயற்றும் நூலுக்கு ஆனது. நன்னூல் இதை வெளிப்படையாகவே விளக்குகிறது. சொல் பஞ்சு, செய்யுள் இழை, புலவன் நூற்கும் பெண், வாய் அவள் கை, அறிவு கதிர். மாணவர்கள் இதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருக்கலாம். பவணந்தியார் அணியழகுக்காக மட்டும் இதைச் சொல்லியிருப்பார் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. அவர் காலத்தில் மாணவன் ஒவ்வொருவனும் தன் வீட்டில் கதிர் சுழல்வதைக் கண்டவன். தெரிந்ததைக் கொண்டு தெரியாததை விளக்கினார். இன்றோ கதிர் என்றால் மாணவருக்கு நெற்கதிரும் ஞாயிற்றின் கதிரும் நினைவுக்கு வரும். நூற்கும் கருவி வராது. உவமை தலைகீழாகிவிட்டது. இலக்கணத்தைக் கொண்டு இராட்டினத்தை விளக்கவேண்டியிருக்கிறது. யாப்பு என்பது கட்டுதல், தொடை என்பது தொடுத்தல், கோவை என்பது கோத்தல். தேக்காவில் பூக்கடைக்காரர் கட்டுவது வேறு, தொடுப்பது வேறு, கோப்பது வேறு. பத்து நிமிடம் அங்கே நின்று பார்த்துவிட்டு வந்தால் யாப்பிலக்கண வகுப்பு பாதி முடிந்துவிடும் என்பது எங்கள் ஆசிரியையின் கருத்து.

இந்தத் தீவில் தையல் குழு என்பது நாங்கள் கண்டுபிடித்ததன்று. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின், அயல்நாட்டுக் குடிமக்களான பெண்களும் குழந்தைகளும் சாங்கி சிறையில் அடைக்கப்பட்டனர். கணவன்மார் அவர்களிடமிருந்து பிரிக்கப்பட்டிருந்தனர். உயிரோடு இருக்கிறார்களா என்பதே தெரியாது. கடிதம் எழுத வழியில்லை. அப்போது கனடாவைச் சேர்ந்த எத்தல் மல்வனி என்பவரின் முயற்சியால் அப்பெண்கள் ஒட்டுப்போர்வைகள் தைத்தனர். மருத்துவமனையில் இருக்கும் காயமுற்றோருக்கு அனுப்புவதற்கு என்று சொல்லி இசைவு பெற்றனர். மூன்று போர்வைகள், ஒன்று பிரிட்டிஷாருக்கு, ஒன்று ஆஸ்திரேலியருக்கு, ஒன்று ஜப்பானியருக்கு. ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள். ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு பெண் ஒரு படத்தைத் தைத்துத் தன் பெயரையும் தைத்தாள். பெயரைக் கண்டால் கணவன் அறிந்துகொள்வான், மனைவி உயிரோடு இருக்கிறாள் என்று. அதே சிறையில் எலிசபெத் என்னிஸ் என்பவர் நடத்திய சாரணியர் குழுவின் சிறுமியர், கிடைத்த துணித்துண்டுகளில் அறுகோணப் பூக்களாக இன்னொரு போர்வையைத் தைத்து, தம் பெயர்களை அதில் பொறித்தனர். அது இன்று இலண்டனில் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் உள்ளது.

எங்களுக்கு இதில் உறைத்தது பெயர் என்பதன் வலிமை. எழுதத் தடை இருந்தது. தைக்கத் தடை இல்லை. எழுத்தைத் தைப்பது என்ற எண்ணம் எங்கள் குழுவுக்கு அங்கிருந்துதான் வந்தது. பிள்ளைகளைத் தத்தம் பெயரைத் தமிழில் தைக்கச் சொன்னோம்; கம்பளியில் எழுத்துகளைச் சடைக்கச் சொன்னோம். தமிழ் எழுத்தின் வளைவுகள் ஊசிக்கு உகந்தவை; கெட்டித்தையலைச் சிறிது சிறிதாக இட்டால் எந்தச் சுழியும் வசப்படும். எல்லாரும் முதலில் ஆய்த எழுத்தைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். மூன்று புள்ளி, வேலை முடிந்தது. பள்ளியில் அதைக் கண்டுகொள்ளாதவர்களுக்கும் எங்கள் அறையில் அது செல்லப்பிள்ளை. ணகரத்துக்கும் னகரத்துக்கும் எப்போதும் தடுமாறும் சிறுவன் ஒருவன், ‘கண்ணன்’ என்ற தன் தம்பியின் பெயரைத் தைத்தான். ணகரத்தின் மூன்றாவது சுழியில் நூல் தீர்ந்துவிட்டது. “இந்த எழுத்துக்கு நூல் அதிகம் வேணும்” என்று முறையிட்டான். அதற்குப் பிறகு அவன் எழுதும்போது தடுமாறியதை அவன் தாய் பார்க்கவில்லையாம். ஒரு பிள்ளையின் கதை இது; இதை முறையியலாக்கிவிட வேண்டா.

பாட்டியைப் பற்றி இன்னும் சொல்லவேண்டியது இருக்கிறது.

கிழிசலை அவர் தைப்பது தனிக்கலை. அந்தத் துணியின் ஓரத்திலிருந்தே இழையை உருவி, கிழிசலின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஓட்டி, குறுக்கே ஒன்றுவிட்டு ஒன்றாக நுழைத்து, நெசவையே மீண்டும் நெய்வார். முடித்தபின் விரலால் தடவினால்தான் இடம் தெரியும். அதற்கு அவர் ஒரு பெயர் சொன்னார். தோட்டத்தில் அவர் தாய் சொன்ன பெயர். நாங்கள் கேட்டோம், தலையசைத்தோம், கையின் வேலையைக் கவனித்தோம். சொற்களைக் குறித்துவைக்க ஒரு குறிப்பேடு வாங்கியிருந்தோம். கம்பளிச் சொற்களுக்குத்தான் அது என்று எண்ணியிருந்தோம். பாட்டியின் சொற்கள் எங்கே போய்விடப்போகின்றன? அடுத்த வாரம் எழுதலாம் என்றிருந்தோம்.

சென்ற ஆண்டு அவருக்குப் பக்கவாதம் வந்தது. கைகள் பெரும்பாலும் தேறிவிட்டன. பேச்சு தேறவில்லை. இப்போதும் சனிக்கிழமைகளில் பேத்தி சக்கர நாற்காலியில் அழைத்துவருகிறாள். கிழிந்த துணியைக் கொடுத்தால் மெதுவாக அதே வேலையைச் செய்கிறார். எங்களுள் நால்வர் அதைக் கற்றுக்கொண்டுவிட்டோம். பெயர் மட்டும் எங்களிடம் இல்லை. நினைவில் எழுந்த சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தோம். இழையோட்டலா? இல்லை. கூட்டுத்தையலா? இல்லை. பொருநராற்றுப்படையைப் படித்த பிறகு, பெரும் நம்பிக்கையோடு, துன்னலா என்று கேட்டோம். அவர் சிரித்துவிட்டு இல்லை என்று தலையசைத்தார். அவருக்குப் பெயர் தெரிகிறது. எங்களுக்குத் தெரியவில்லை. இருவருக்கும் நடுவே ஒரு முழம் துணி.

ஆதலால் ஆசிரியர்களிடம் எங்களுக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. வகுப்பில் கைவினைக்கு ஒரு மணி நேரம் கிடைத்தால் சொற்பட்டியலோடு தொடங்காதீர்கள். பொருளைக் கையில் கொடுத்துவிட்டு, இது எதைப்போல இருக்கிறது என்று கேட்டுவிட்டு, பேசாமல் இருங்கள். அந்தப் பேசாமல் இருத்தல்தான் கடினம். எங்கள் ஆசிரியையே ஒப்புக்கொள்கிறார். பிள்ளைகள் முதலில் ஆங்கிலத்தில்தான் சொல்வார்கள். சமையலறை, தலைமுடி, கோவில், மீன்சந்தை என்று அவர்களின் வீடு உள்ளே நுழையும்போது தமிழும் உடன் நுழையும். வரும் சொல் அகராதிக்கு ஒவ்வாததாக இருக்கலாம், அன்றைக்குத் திருத்தவேண்டியதில்லை. சொன்னவர் பெயரோடு எழுதிவையுங்கள். பத்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஊசி வேண்டா. வெந்நீரும் சவர்க்காரமும் போதும், கைக்கு இதமான சூட்டில். பெரிய பிள்ளைகளுக்கு விரலுறை கட்டாயம். முள்ளூசி விரலில் ஏறினால் வலி அதிகம். அதற்குத் தமிழில் சொல் தேடவேண்டியிருக்காது, தானே வந்துவிடும்.

மாணவர்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறோம். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ தைக்கத் தெரிந்த மூத்தவர் எவரேனும் இருப்பார். கிழிந்த சட்டையொன்றைக் கொண்டுபோய், “பாட்டி, இதைத் தைத்துக் கொடுங்கள்” என்று கேளுங்கள். அவர் தைக்கும்போது என்ன சொல்கிறார் என்பதை அன்றே எழுதிக்கொள்ளுங்கள். கிழிசலின் நெசவை மீண்டும் நெய்யும் அந்தத் தையலுக்கு யாரேனும் ஒரு பெயர் சொன்னால், இந்த மன்றத்தின் வழியாக எங்களுக்குத் தெரிவியுங்கள். பாட்டியிடம் சொல்லிப் பார்க்கிறோம், சரியென்றால் தலையசைப்பார்.

வாயிலருகே உள்ள மேசையில் எங்கள் வேலைப்பாடுகள் சிலவற்றை வைத்திருக்கிறோம். வாத்துகளைத் தொட்டுப் பார்க்கலாம். பூரணம் வெளியே தெரியும் ஒரு வாத்தும் இருக்கிறது. அது எங்கள் முதல் வாத்து. நுரைமெத்தையும் கம்பளியும் உண்டு, விரும்புவோர் ஒரு புள்ளியாவது சடைத்துப் பார்க்கலாம். காதற்ற ஊசிகள் 12 வைத்திருக்கிறோம். எண்ணித் திருப்பி வைத்துவிட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.